வாசல் ஓரத்து இடம்

அந்தக் குடோனில் வேகமாக விற்கும் சரக்குக்குத்தான் வாசல் ஓரம். பாட்டு கேசட் பெட்டி அங்கே ராஜா மாதிரி இருந்தது. சார்ஜர் பெட்டிகள் வந்ததும் அது கடைசி அலமாரிக்குப் போனது. வாசல் வெளிச்சத்தை நினைத்துக்கொண்டே பல வருஷம் கிடந்தது.

ஒருநாள் சரக்கையெல்லாம் மாற்றி அடுக்கினார்கள். கேசட் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள்.

“எங்கடா தம்பி கூட்டிட்டுப் போற?” என்று கேட்டது பெட்டி.

“வாசலுக்குண்ணே,” என்றது தள்ளுவண்டி.

“பாத்தியா? ஜனங்க மறுபடி கேசட்டு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்த சார்ஜர் பயல நகரச் சொல்லு.”

வாசலில் பழைய சாமான்காரர் தராசோடு நின்றிருந்தார். தள்ளுவண்டி தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டது.

“என்னடா நின்னுட்ட?”

“சக்கரம் சிக்கிக்கிச்சுண்ணே,” என்றது வண்டி. “அந்தக் காலத்துல வாசல்ல எப்படி இருந்தீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்.”