காய்ச்சல் வராதவர்

“காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு வேளையும் நல்லாச் சாப்பிடுறாரு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு” என்று லாரி டிரைவரின் மனைவி ஏதோ கோள் சொல்வதுபோலச் சொன்னாள். கேட்ட டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மலேரியாவுக்கு அவர் கண்டுபிடித்த தடுப்பூசிக்கு அதுதான் முதல் சோதனை. சம்மதித்து வந்த ஆறு பேருக்கும் ஊசி போட்டார்கள். யாருக்கு எந்த ஊசி என்பது அதைத் தயாரித்த மருந்தாளுநர் ஒருவருக்கே தெரியும். சில வாரம் கழித்து, மலேரியாக் கிருமி உள்ள கொசுக்களைக் கடிக்க விட்டார்கள்.

ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராகக் குளிரில் நடுங்கிப் படுத்தார்கள். உடனே மாத்திரை கொடுத்ததில் எல்லோரும் தேறிவிட்டார்கள். டாக்டரம்மாதான் தேறவில்லை. ஆய்வுக்கூடத்தை மூடிவிடலாம் என்று இயக்குநர் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

ஆறாவது கட்டிலில் டிரைவர் மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

“கொசு நல்லாக் கடிச்சுதில்ல?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“கடிச்சுதாவா? வயிறு முட்டக் குடிச்சுட்டுப் பறக்க முடியாம கெடந்துச்சுங்க.”

“ஊசி போட்டப்ப எப்படி இருந்துச்சு?”

“மத்தவங்களுக்குக் கை வீங்கி, ரெண்டு நாள் தூக்கவே முடியலையாம். எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. லாரி ஓட்டுற கையாச்சே!”

“பெருமையப் பாரு” என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று எடுத்த ரத்தத்திலும் ஒரு கிருமிகூட இல்லை. டாக்டரம்மா ஆய்வுக்கூடச் செருப்பைக்கூட மாற்றாமல் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

“ஒருத்தர் உடம்புல வேலை செஞ்சிருக்கு சார்! ஏன்னு தெரிஞ்சுட்டா மத்தவங்களுக்கும் செய்ய வெச்சிடலாம்.”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா. இன்னும் ஒரு வருஷம் பாருங்க” என்றார். பிறகு ஆறாவது கட்டிலுக்கு வந்து, டிரைவர் தோளில் கைபோட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். டிரைவரின் மனைவி ஓடிப்போய்த் தலைவாரிக்கொண்டு வருவதற்குள் படம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் மருந்தாளுநர் வந்து கதவோரமாக நின்றார்.

“வாங்க, உக்காருங்க. நம்ம மருந்து ஒருத்தரையாவது காப்பாத்திடுச்சு பாத்தீங்களா!” என்றார் டாக்டரம்மா.

அவர் உட்காரவில்லை.

“மேடம், அந்த டிரைவருக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி.”