கறுத்துப்போன அரைஞாண்

குளிப்பாட்டுவதற்காகக் குழந்தையின் இடுப்பிலிருந்து கழற்றிய வெள்ளி அரைஞாண் கரிபோலக் கறுத்திருந்ததைக் கண்டதும் விதுஷா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

பண்டாரவளையில் வாங்கிய வெள்ளி. முந்தாநாள்வரை பளபளவென்று இருந்தது. ஒன்றரை வயதுச் சேந்தனின் மேலில் புது வாடை வேறு, தீக்குச்சியை உரசியதுபோல.

அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்பவள் பெரியாயி. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் ஆயா. பிள்ளை இல்லாதவள்.

யாராவது மருந்து வைத்தால் மேலில் கிடக்கும் வெள்ளி கறுத்துவிடும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சு. அங்கே மருந்து வைப்பது என்றால் சூனியம்.

மறுநாள் காலை, பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"எம்புள்ள மேல என்னக்கா பூசுனீங்க?"

"மருந்துதான்," என்றாள் பெரியாயி, தொட்டில் துணியை மடித்தபடி.

அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு கலைவதற்குள் மேலும் ஐந்து தாய்மார் தத்தம் பிள்ளைகளை முகர்ந்து பார்த்துவிட்டார்கள். பெரியாயியை வேலையிலிருந்து நிறுத்தும்படி தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு மனு எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மத்தியானம், பால் கொடுக்க வந்த தாய்மார் காம்பரா வாசலிலேயே பெரியாயியை மறித்துக்கொண்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு, தோட்டத்து மருந்தகத்திலிருந்து யாழ்ப்பாணத்து டொக்டர் கஜரூபன் வந்து சேர்ந்தார்.

"நான்தான் குடுத்தனான். கந்தகக் களிம்பு. சொறிப்பூச்சி தோலைத் துளைச்சு உள்ள முட்டை இடும். அதுக்கு இது நஞ்சு; அளவாப் பூசினால் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. வெள்ளியில பட்டால் கறுக்கும், அவ்வளவுதான்."

ஒரு பிள்ளைக்கு வந்தாலும் கூட இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில் பூசவேண்டும் என்றும் விளக்கினார்.

சந்தேகம் தணியவில்லை, திசைதான் மாறியது. அந்த ஒரு பிள்ளை யாருடையது?

"எனக்குத் தெரியாது. கண்டது பெரியாயி," என்று டொக்டர் ஒதுங்கிக்கொண்டார்.

"கீழ் லயத்துப் புள்ளதானே? அங்க ஒழுங்கா குளிக்கவா செய்றாங்க?" என்றாள் விதுஷா. "பேரச் சொல்லுங்கக்கா. இல்லாட்டி மனு தொரகிட்டப் போயிரும்."

"போகட்டும். பேரச் சொன்னா, நாளைக்கு அந்தப் புள்ளய யாரு பக்கத்துல சேர்ப்பீங்க?"

பதினெட்டு வருஷ வேலை போனாலும் பேர் வராது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக மலைக்குத் திரும்பினார்கள். கடைசியாக நின்ற விதுஷா, மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

பெரியாயி பின்னாலேயே வந்து, தாளில் சுற்றிய சின்ன டப்பா ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

"நீயும் ஒம்புருசனும் மூணு நாளைக்கு இதப் பூசிக்கங்க. மொத மொதல்ல ஒம்புள்ள வெரல் இடுக்குலதான் பார்த்தேன்."

விதுஷா தன் விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தாள்.

"யாராச்சும் கேட்டா," பெரியாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், "ஆயாவுக்குத்தான் மொதல்ல வந்துச்சுன்னு சொல்லிரு."