மூங்கிலடிக் காளான்

"பிலிஸு, நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு."

மாமியார் ஆரோக்கியமணி இப்படிச் சொன்னதும் பிலிஸுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணமாகி, வடக்கே போபோடியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடிச்சட்டியில் மிஞ்சுவதுதான் இதுவரை அவள் பங்கு.

இன்றைக்கோ தட்டு நிறையச் சோறு, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் காளான் குழம்பு. மழைக்காலத்து ஞாயிறென்றால் மாமனார் ஐசக் காலைப் பூசை முடிந்த கையோடு சைக்கிளில் பாஷாண் குன்றுப் பக்கம் காளான் தேடக் கிளம்பிவிடுவார்.

"கரையான் புத்துல ஒண்ணு வரும், வைக்கப்போர்ல ஒண்ணு வரும், பட்டுப்போன மாமரத்துல வேற தினுசு. இது மூங்கிலடியில நின்னுச்சு. நம்ம வள்ளியூர்ப் பக்கம் இந்த நெறத்துல நான் பாத்ததில்ல" என்றார்.

"நீங்களும் உக்காருங்க மாமா."

"எனக்குப் பசிக்கல தாயி. காலையில தின்ன பாவு ரொட்டியே நெஞ்சுல நிக்குது."

கணவன் எட்மண்ட் ட்ரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. தாயில்லாமல் வளர்ந்த பிலிஸ் ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தவள். கண் கலங்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

பாத்திரத்தில் கைவைக்கவும் மாமியார் விடவில்லை. "நான் பாத்துக்கிடுதேன், நீ போய்ப் படு" என்றாள். அரைமணிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல அத்தை."

"கொமட்டுதா?"

பிலிஸ் வெட்கத்தில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாள் தள்ளிப்போய் மூன்று வாரமாகிறது. எட்மண்டிடம்கூட இன்னும் சொல்லவில்லை, இந்த மனுஷி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். அதனால்தான் இத்தனை உபசாரம்.

எப்படியோ இந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது மூன்று மாதத்து ஆற்றாமை அத்தனையும் ஆறிப்போயிற்று. இன்னும் மறைப்பானேன், தானே சொல்லிவிடலாம் என்று பொழுது சாயும் வேளையில் எழுந்து வந்தாள்.

எட்மண்ட் கதவோரம் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அம்மா, குழம்பச் சூடு பண்ணு. இவளுக்கு ஒண்ணும் ஆகல."