விளக்குக்கு ஐந்து நிமிடம்

“கனம் தலைவர் அவர்களே! சிறியேன் தங்கள் முன் பேசத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னித்தருள வேண்டும்...”

“அப்பா, தாறதே அஞ்சு நிமிசம். மன்னிப்புக் கேட்டே மூண்டை முடிச்சுப்போடுவியள்!” என்றாள் தாட்சாயினி.

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் வீட்டுச் சமையலறையில், மேலே கோட்டும் கீழே சாரமுமாக மடிக்கணினி முன் அமர்ந்திருந்தார் மகேந்திரராசா. திரையில் ஒரு சின்னஞ்சிறு தீவு நாட்டின் பாராளுமன்றம் கூடியிருந்தது. பழைய துறைமுகத்துக் கலங்கரை விளக்கை நிரந்தரமாக அணைப்பதற்கான சட்டமூலம் அன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. அதனால் பாதிக்கப்பட்ட எவரும், எந்நாட்டவராயினும், முன்னதாக ஐந்து நிமிடம் பேசலாம் என்பது அத்தீவின் வழக்கம்.

“மொத்தமே பதினொரு எம்.பி.யாம். ஒரு வான் காணும், முழுப் பாராளுமன்றத்தையும் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.”

“பகிடி விடாதை பிள்ளை. நான் சொல்லுறதைப் பிரெஞ்சிலை சொல்லு, காணும்.”

“எங்கையோ கிடக்கிற விளக்கு எரிஞ்சா என்ன, நூந்தா என்ன? உங்களுக்கு ஏனப்பா?”

அதற்குள் சபைத் தலைவி அவர் பெயரை அழைத்தார். மகேந்திரராசா மரியாதைக்கு எழப்போனார்.

“எழும்பாதேங்கோ! சாரம் தெரியப்போகுது!”

தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஐயா, உங்கள் படிவத்தில் ‘இழப்பு விவரம்’ என்ற கட்டம் வெறுமையாக உள்ளது. எங்கள் குடிவரவுப் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இல்லை. இங்கே காலே வைக்காத நீங்கள் எவ்வாறு பாதிக்கப்பட்டவர்? கட்டம் நிரம்பாவிட்டால், உங்களைக் கேளாமலே வாக்கெடுப்புக்குச் செல்ல நேரும்.”

தாட்சாயினி தமிழில் சொன்னாள். “சரி அப்பா, மெர்சி எண்டு நன்றி சொல்லிப்போட்டு வைப்பம்.”

“பொறு. எழுதுற அளவுக்கு இழப்பில்லை எண்டுதான் விட்டனான். இப்ப சொல்லுறன்.” குரலைச் செருமிக்கொண்டார். “சண்டைக்குத் தப்பி ஓடி வரேக்கை, கடல் கொந்தளிச்சுத் திசை தப்பிப்போட்டுது. பாரம் குறைக்கச் சாமானுகளைக் கடலிலை எறிஞ்சம். அந்த விளக்கைக் கண்டுதான், கற்பாறையிலை ஏறாமல் வள்ளத்தைத் திருப்பினம். இருபத்தாறு பேர். கொம்மாவின்ரை வயித்துக்கை கிடந்த உன்னோடை இருபத்தேழு.”

மொழிபெயர்த்துக்கொண்டே வந்த தாட்சாயினி, கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் அப்பாவின் பக்கம் திரும்பினாள். பிறகு அதையும் மெல்லச் சொன்னாள். சாரத்தை மறந்து, அப்பாவைக் கைபிடித்து அவளே எழுப்பி நிறுத்தினாள்.

விளக்கை அணைப்பதற்கு ஒரு கைகூட உயராத அந்த வாக்கெடுப்பின் அறிக்கையில், வெறுமையாயிருந்த ‘இழப்பு விவரம்’ கட்டம் இவ்வாறு நிரம்பியது:

செருப்பு, ஒரு சோடி. அரிசி, அரை மூட்டை. தகரப்பெட்டி, ஒன்று. ஆட்கள், ஒருவருமில்லை.