தெற்குப் படிக்கட்டில் ஒரு சிவப்பு நாற்காலி

தூறல் விட்டும் விடாமலும் பெய்கிறது. ஜெர்மனியில், ரூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் கால்பந்து அரங்கில், ரசிகர்கள் காலங்காலமாக நின்றே ஆட்டம் பார்க்கும் தெற்குப் படிக்கட்டில், புத்தம்புதுச் சிவப்பு நாற்காலி ஒன்று பளபளக்கிறது. அரங்கத்தைப் பெரிதாக்கி, இந்தப் படிகளிலும் இருக்கை போடத் துடிக்கும் கால்பந்துக் கழகம் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கை அது. டிராம் ஓட்டும் ஸில்கே, துருப்பிடித்த தடுப்புக் கம்பியில் முழங்கையை ஊன்றி, கையில் பியரோடு அதை முறைக்கிறாள். "ஒரு தடவ உக்காந்துதான் பாருங்களேன்," என்கிறார் கழக அதிகாரி யோர்க். "நீங்களே உக்காருங்க சார். எங்க காலுக்கு ஒரு கேடும் வரல." வீம்புக்கு அவர் உட்காருகிறார். விசில் ஒலிக்கிறது, முரசு அதிர்கிறது, முன்வரிசை முதுகுகளெல்லாம் ஒன்றாகக் குதிக்கின்றன. "என்ன சார் தெரியுது?" "முதுகு," என்கிறார் யோர்க், கடுகடுவென்று. அந்த நேரம் பார்த்து அரங்கமே அலறுகிறது. கோல்! யோர்க் துள்ளி எழுந்து, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவனை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். ஸில்கே நிதானமாகக் குனிந்து, காலியான நாற்காலியில் தன் பியரை வைக்கிறாள். இரண்டு கையையும் தட்டிக்கொண்டே சொல்கிறாள்: "பியர் வைக்க வசதியாத்தான் இருக்கு சார். இந்த ஒண்ணு போதும்."