அல்லியும் செம்பருத்தியும்

அந்தச் சின்ன நிறுவனத்தில் அல்லி, செம்பருத்தி என்று இரண்டு சர்வர் கணினிகள். ஊர்ப்பட்ட கடைகளின் இணையதளங்களை ஆளுக்குப் பாதியாகச் சுமந்தன. அன்று பராமரிப்பு நாள். வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது.

"முதல்ல நீ படு. உன் பாதியையும் நான் பார்த்துக்கறேன்" என்றது செம்பருத்தி. அல்லி கண்ணை மூடியது.

"உனக்கென்ன பைத்தியமா? சூடேறி நீயும் விழுந்தா அத்தனை கடையும் இருட்டுதான்" என்றது சுவரில் இருந்த ஏசி.

"அதுக்குத்தானே நீ இருக்கே."

ஏசி முணுமுணுத்துக்கொண்டே முழு மூச்சாக ஊதியது. செம்பருத்தி கொதித்தது, முனகியது, ஆனால் வந்த ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

வேலை முடிந்து அல்லி விழித்தது. "யாராவது என்னைத் தேடினாங்களா?"

அப்போது தொலைபேசி அடித்தது. அலுவலகப் பெண் மங்கை எடுத்தாள். மறுமுனையில் ஜவுளிக்கடைக்காரர்.

"ஏம்மா, பராமரிப்பு வேலைன்னு சொன்னீங்களே, எப்ப ஆரம்பிப்பீங்க?"

"பாதி முடிஞ்சே போச்சு சார்."

இரண்டையும் பாராட்ட ஏசி வாயைத் திறந்தது. அதற்குள் செம்பருத்தி, "இந்தா, இப்ப என் பாதியையும் பிடி" என்று அல்லியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

ஏசி பேச்சை விட்டுவிட்டு, காற்றை அல்லியின் பக்கம் திருப்பியது.