யாருடைய முறை?

"போன வருஷம் உன் முறை!"

"என் முறையா? சுவருக்கு வெள்ளையடிச்சது யாரு? நான். அப்போ கூரை வாய்க்கால் யாரோடது? உன்னோடது!"

"அந்த வெள்ளையைச் சொல்லியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவ, யெஸ்பர்?"

"கத்தாத ஹன்னே. பக்கத்து வீட்டுக்காரர் வர்றாரு."

"வரட்டும். அவருக்குத் தெரியாத சங்கதியா?"

ஸ்வெண்ட்போர்க் ஊரின் அந்தச் சிவப்பு ஓட்டு வீட்டு வாசலில் அண்ணன் யெஸ்பரும் தங்கை ஹன்னேயும் குளிரையும் மறந்து நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா எல்லன் டிசம்பரில் கண்ணை மூடியதிலிருந்து வீடு பூட்டிக் கிடந்தது. விலை மதிப்பிடுவதற்காக ரிக்கே என்ற பெண் இன்று வந்திருந்தாள். உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை வாங்கும் தகர வாய்க்காலைக் காட்டி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இலையுதிர் காலத்துக்கு அப்புறம் அதை வாரினீங்களா? இலை அடைச்சிருந்தா தண்ணி சுவருக்குள்ள இறங்கியிருக்கும். அப்படின்னா நான் நினைச்ச விலையைச் சொல்ல முடியாது."

அதில்தான் பற்றிக்கொண்டது. பின்னால் இருக்கும் பெரிய மரங்கள் இலையைக் கொட்டி முடித்ததும் இருவரில் ஒருவர் வந்து வாரவேண்டும். அப்பா போன நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு அது.

"கோபன்ஹேகன்லேர்ந்து கடல் பாலம் தாண்டி வர்றது சும்மாவா? நீ ஓடென்ஸ்ல இருக்க. இதோ இருக்கு."

"கிட்ட இருக்கிறவதான் எல்லாத்தையும் செய்யணுமா? அம்மா இலையில வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சு கிடந்தாங்களே, அப்போ ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது யாரு?"

"அதையும் கணக்குல சேத்துட்டியா?"

"நீ சேக்க வைக்கிற!"

"சரி. விலை குறைஞ்சா உன் பங்குல குறையட்டும்."

பக்கத்து வீட்டு பிரெபென் அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். ரிக்கே கேட்டாள் என்று கொண்டுவந்தவர், இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு கால் வளைஞ்சிருக்கே!" என்றாள் ரிக்கே.

"வளைஞ்சதுதான். நான் பிடிச்சுக்கிறேன். நீங்க ஏறுங்க."

விரல் மூட்டுகள் வெளுக்கும்படி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேலிருந்து ரிக்கேயின் குரல் வந்தது. "அட!"

"என்ன, அடைச்சிருக்கா?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு! பழைய வீட்டுல இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல. சுவர்ல பொட்டு ஈரம் இல்ல. நான் நினைச்சதை விடவும் கொஞ்சம் ஏத்திப் போடலாம்."

ஏணி அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. யெஸ்பர் தன் காலணியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"செஞ்சிட்டு ஏன் ஹன்னே சொல்லாம இருந்த? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அவர் முன்னாடி வேற. அசிங்கமா இருக்கு."

ஹன்னே நிமிர்ந்தாள். "கிண்டல் பண்றியா? நீதான் சத்தமில்லாம வந்து செஞ்சிட்டுப் போயிருக்க. பங்குல குறையட்டும்னு ஏன் வம்புக்கு இழுத்த?"

"நான் வரவே இல்லையே."

"நானும்தான்."

"அம்மா யாரையாவது கூலிக்கு வெச்சிருப்பாங்களோ?"

"அம்மாவா? காப்பி வடிகட்டுற தாளையே கழுவிக் காயவெச்சு மறுபடியும் போடுறவங்க!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

வீட்டின் கோடியிலிருந்து ரிக்கே கூப்பிட்டாள். "இந்த மூலையில மட்டும் ஒரு முழம் விட்டுப்போயிருக்கு. இலை அப்படியே கிடக்கு. அதுல இது கிடந்துது. பிடிங்க."

புல்லில் வந்து விழுந்தது ஒரு மஞ்சள் ரப்பர் கையுறை. பாத்திரம் கழுவப் போடுவது. மழையிலும் பனியிலும் கிடந்து விறைத்திருந்தது.

ஹன்னே குனிந்து எடுத்தாள். கொக்கியில் மாட்டுவதற்கென்று மணிக்கட்டில் நீல நூல் தைத்திருந்தது. இதன் ஜோடியைக் காலையில்தான் சமையலறையில் பார்த்துவிட்டு, இன்னொன்று எங்கே என்று தேடியிருந்தாள்.

"பிரெபென்... அம்மா இலையிலதானே வழுக்கி விழுந்தாங்க?"

ரிக்கே கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைக்கும்வரை அவர் ஏணியை விடவில்லை. பிறகும் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆப்பிள் மரத்துக் கிளையைக் கழிக்கணும்னு ஏணி கேட்டாங்க. கொடுத்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, இதோ, இந்த மூலைக்குக் கீழதான் கிடந்தாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட விடல. 'முதல்ல ஏணியை எடுத்துட்டுப் போ பிரெபென், இலையில வழுக்கிட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்'னாங்க. 'இல்லேன்னா இதுக்கும் ரெண்டும் யார் முறைன்னு சண்டை போட்டுக்கும்'னாங்க."